பழைய எஸ்டீமை 402 மீட்டர் டிராக் வண்டியாக்க: எதிலிருந்து தொடங்குவது?

எஸ்டீம்_ஷெட் (கோவை)

வணக்கம். 2003 எஸ்டீம் விஎக்ஸ்ஐ, 1.3 லிட்டர் 16 வால்வு எம்பிஎஃப்ஐ, வீட்டு ஷெட்டில் நிற்கிறது. இதை ரோட்டில் ஓட்டும் எண்ணம் இல்லை. 402 மீட்டர் (கால் மைல்) நேர்கோட்டு டிராக் ரேஸ் (drag race) ஓட்ட மட்டும், டர்போ இல்லாமல், வீட்டிலேயே கட்ட வேண்டும். வண்டி போக 2.5 லட்சம் ஒதுக்கியிருக்கிறேன்.

கையில் இருப்பவை: மிக் வெல்டிங் மெஷின், எஞ்சின் தூக்கும் செயின் பிளாக், டார்க் ரெஞ்ச், டயல் கேஜ். லேத், போரிங் வேலை வெளியில்தான்.

நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் அழுத்தம், சூடான எஞ்சினில், த்ராட்டிலை முழுக்கத் திறந்து எடுத்தது: 165, 160, 130, 162 பிஎஸ்ஐ. மூன்றாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு எடுத்தால் 155.

என் திட்டம்: முதலில் எஞ்சினை இறக்கி ஹெட் போர்ட்டிங் (காற்று வழியைச் செதுக்குவது), கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), ஹெடர் (புகை வெளியேறும் குழாய்). பேட்டரியை டிக்கிக்கு மாற்றுவது. இரண்டு முன்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கும் டிஃப்பரன்ஷியலை (டிஃப்) வெல்ட் செய்வது. டயர் கடைசியில். இந்த வரிசை சரியா? எத்தனை செகண்ட் எதிர்பார்க்கலாம்?

கியர்_கணக்கு

வரிசை அப்படியே தலைகீழ். முதலில் கணக்கைப் பாருங்கள்.

402 மீட்டர் நேரத்துக்கு ஒரு பழைய தோராயச் சூத்திரம் உண்டு. டிரைவரோடு சேர்த்த எடையை (கிலோவில்) ஹெச்பியால் வகுத்து, அதன் கனமூலத்தை 7.58 ஆல் பெருக்க வேண்டும். உங்கள் வண்டி வெற்று எடை 875 கிலோ பக்கம், எஞ்சின் 85 ஹெச்பி. டிரைவர் 70 கிலோ என்றால்:

இப்போது உள்ளபடி 945 கிலோ, 85 ஹெச்பி: 16.9 செகண்ட்.
எடையை மட்டும் 790-க்குக் கொண்டுவந்தால்: 15.9.
அதே 790 கிலோ, 100 ஹெச்பி: 15.1.
790 கிலோ, 110 ஹெச்பி: 14.6.

ஒரு செகண்ட் முழுக்க ஸ்பேனரிலும் ஹீட் கன்னிலும் கிடைக்கிறது, பெரிய செலவில்லாமல். அடுத்த 0.8-க்குத்தான் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். இந்தச் சூத்திரம் ஸ்டார்ட் நன்றாக அமைந்தால் வரும் நேரத்தைச் சொல்கிறது. முன்சக்கர வண்டியில் டயர் சுழன்றால் அரை செகண்ட் அங்கேயே போய்விடும்.

இதில் முன்சக்கர வண்டிக்கென்று ஒரு சங்கடம் உண்டு. வண்டி பாயும்போது எடை பின்னால் போகும்; ஓட்டும் சக்கரம் முன்னால் இருக்கிறது. எஸ்டீமின் வீல்பேஸ் 2365 மி.மீ. எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம், நிற்கும்போது 62 சதவீதம் முன்னால் என்று வைத்துக்கொண்டால், 0.5 ஜி-யில் (புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி) கிளம்பும்போது 80 கிலோவுக்கு மேல் முன் டயரை விட்டு இறங்கிவிடும். சாதா ரோடு டயரில் (உராய்வுக் கெழு 0.8) அதிகபட்சம் 0.42 ஜி வரும். ஒட்டும் செமி ஸ்லிக்கில் (ட்ரெட் குறைந்த ரேஸ் டயர், கெழு 1.0) 0.51 ஜி. முதல் 60 அடியில் மட்டும் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 0.25 செகண்ட். உங்கள் பட்டியலில் கடைசியில் இருக்கும் டயர் முதலில் வர வேண்டியது இதனால்தான்.

பேட்டரியை டிக்கிக்கு மாற்றாதீர்கள். அது பின்சக்கர வண்டிக்காரர்கள் செய்வது, அவர்களுக்குச் சரி. உங்களுக்கு அது இருக்கும் இடமே நல்ல இடம். எடை குறைப்பதைப் பின்னாலிருந்து ஆரம்பியுங்கள்: ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட், பின் பெல்ட், பார்சல் ட்ரே, டிக்கி கார்ப்பெட். பின் கண்ணாடியும் பின் கதவுக் கண்ணாடிகளும் 3 அல்லது 4 மி.மீ. பாலிகார்பனேட். முன் கண்ணாடி லேமினேட்டடாகவே இருக்கட்டும். தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டை ஹீட் கன் வைத்து உரியுங்கள். அலுப்பான வேலை, ஆனால் உரித்தால்தான் அடியில் துரு இருக்கிறதா என்று தெரியும். ஏசி முழுசாக வெளியே. முன் எடை கொஞ்சம் குறையுமே என்று கவலை வேண்டாம். இந்த எஞ்சினுக்கு டயர் பிடிப்புப் பிரச்சினை முதல் கியரில் மட்டும்தான். இரண்டாவது போட்டபின் மொத்த எடைதான் கணக்கு.

கதவுக்குள் இருக்கும் பக்கவாட்டு பாரை மட்டும் ரோல் கேஜ் (வண்டி உருண்டால் டிரைவரைக் காக்கும் பைப் கூண்டு) போடும்வரை வெட்டாதீர்கள்.

சஸ்பென்ஷன்: பின்னால் குந்தக் கூடாது, முன்னால் தூக்கக் கூடாது. பின் ஸ்ப்ரிங் முடிந்தவரை கடினம், பின் பக்கம் 20 முதல் 30 மி.மீ. உயரம். முன் ஷாக்குக்கு ரீபவுண்ட் (நீளும்போது தரும் எதிர்ப்பு) கடினம், அல்லது ஸ்ட்ரட் நீளாமல் தடுக்க ஒரு ஸ்ட்ராப். காற்று முன்னால் 18 பிஎஸ்ஐ-யில் ஆரம்பித்து ஒவ்வொரு பிஎஸ்ஐ-யாக மாற்றிப் பாருங்கள், பின்னால் 40. முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் அளவு) 1 முதல் 2 மி.மீ. வெளிப்பக்கம், சக்தி கொடுக்கும்போது புஷ் நசுங்கி இரண்டு சக்கரமும் உள்ளே திரும்பி நேராகும். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) பூஜ்யத்துக்குப் பக்கத்தில்.

எஞ்சின் மவுன்ட் ரப்பர் 20 வருடத்தில் வெடித்திருக்கும். அப்படியே ஓட்டினால் டயர் பிடித்து விட்டு, பிடித்து விட்டுக் குதிக்கும். ஆக்ஸில் முறிவது பெரும்பாலும் அந்தக் குதிப்பில்தான். புது மவுன்ட் போட்டு, இடைவெளியில் 80 ஷோர் (ரப்பர் கடினத்தின் அளவு) பாலியூரித்தேன் ஊற்றுங்கள். ஓட்டும்போது குதிப்பு ஆரம்பித்தால் உடனே ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட வேண்டும்.

லேத்துப்பட்டறை

தம்பி, கியர்_கணக்கு சொன்ன வரிசைதான் சரி. ஆனா அந்த மூணாவது சிலிண்டரோட 6500 ஆர்பிஎம் ஓட்ட முடியாதுங்க. ஆயில் விட்டதும் 130-லிருந்து 155 ஏறுதுன்னா வால்வு நல்லாருக்கு, ரிங்கோ போரோ போயிருக்கு. எப்படியும் இறக்கணும். இறக்கறப்ப செய்ய வேண்டியதைச் சொல்றேன்.

ஸ்டாண்டர்டு போர் (சிலிண்டர் விட்டம்) 74, ஸ்ட்ரோக் (பிஸ்டன் போற தூரம்) 75.5 மி.மீ. போர் கேஜ் வெச்சு மேல, நடுவுல, கீழ, ரெண்டு திசையிலயும் அளங்க. 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டா 1316 சிசி. பிஸ்டனைக் கையில வாங்கிட்டுத்தான் போரிங்குக்குக் குடுக்கணும். நாலையும் மைக்ரோமீட்டர்ல அளந்து, எந்தப் பிஸ்டன் எந்த சிலிண்டர்னு மார்க் பண்ணிக் குடுங்க. டாப் ரிங் கேப் 0.30 மி.மீ., ரெண்டாவது 0.35. ரிங்கை போருக்குள்ள வெச்சு, பிஸ்டன் தலையால தள்ளி நேராக்கி, ஃபீலர் கேஜ்ல பாருங்க. கேப் கம்மியா இருந்தா சூட்டுல ரெண்டு முனையும் முட்டி பிஸ்டன் லேண்டை (ரிங் பள்ளங்களுக்கு நடுவுல இருக்கற விளிம்பை) பேத்துரும்.

பேரிங் கிளியரன்ஸ் ஜர்னல் (பேரிங்குக்குள்ள சுத்தற கிராங்க் பகுதி) விட்டத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. 45 மி.மீ. ஜர்னல்னா 0.045. பிளாஸ்டிகேஜ் (நசுங்கற அகலத்தை வெச்சு இடைவெளி காட்டற பிளாஸ்டிக் இழை) வெச்சுப் பாருங்க, கிராங்க்கைச் சுத்தாம. கான்ராட் போல்ட் பழசைத் திரும்பப் போட வேண்டாம்.

இப்ப கம்ப்ரஷன் விகிதம். 9.5-ஐ 10.5 ஆக்கலாம், அதுக்கு மேல நம்ம ஊர் பெட்ரோல்ல டைமிங்கை (ஸ்பார்க் எத்தனை டிகிரி முன்னாடி அடிக்குதுங்கறதை) குறைக்க வேண்டி வரும், ஏத்துனதே வீணாயிரும். 1316 சிசி எஞ்சின்ல ஒரு சிலிண்டர் 329. 10.5-க்கு எரியறதுக்கான மொத்த இடம் 34.6 சிசி இருக்கணும். இப்ப 38.2 இருக்குன்னு வைங்க, 3.6 சிசி குறைக்கணும். எத்தனை மி.மீ. ஹெட்டை வழிக்கறது? இத்தனைக்கு இத்தனைன்னு யாராச்சும் வாயால சொன்னா நம்பாதீங்க, சேம்பர் வடிவம் அடியில ஒரு அகலம், மேல ஒரு அகலம்.

இப்படிச் செய்யுங்க. வால்வும் ஸ்பார்க் பிளக்கும் போட்டு ஹெட்டைக் கவுத்து, ஸ்பிரிட் லெவல்ல சமமா வைங்க. சேம்பர் விளிம்புல கிரீஸ் தடவி, ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டை அமுக்கி ஒட்டுங்க. பியூரெட்ல மை கலந்த ஸ்பிரிட்டை விட்டு அளங்க. 30.0 சிசி வந்துச்சுன்னு வெச்சுக்கலாம். காலி பண்ணித் துடைச்சுட்டு, தகடு இல்லாம 26.4 மட்டும் விடுங்க. இப்ப ஸ்பிரிட் மட்டத்துக்கும் ஹெட் முகத்துக்கும் நடுவுல இருக்கற ஆழத்தை டெப்த் வெர்னியர்ல எடுங்க. அதுதான் வழிக்க வேண்டிய அளவு. நாலு சேம்பரும் ஒண்ணா இருக்காது. பெருசா இருக்கறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க, முதல்ல சின்னதை அரைச்சு நாலையும் 0.2 சிசிக்குள்ள சமமாக்குங்க.

ஹெட்டை வழிச்சா கேம் பின்தங்கும். 1 மி.மீ.க்கு கிராங்க்ல ஏறக்குறைய 2 டிகிரி. ஸ்லாட் வெட்டின கேம் புல்லி போட்டுத் திருப்பி எடுக்கணும். அப்பறம் களிமண் வெச்சு பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி பாருங்க: இன்டேக் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் 2.5. பிஸ்டனுக்கும் ஹெட்டோட தட்டைப் பகுதிக்கும் 0.9-க்குக் கீழ வரவே கூடாது.

போர்ட்டிங்ல போர்ட்டைப் பெருசாக்கத் தேவையில்லைங்க. வால்வு சீட்டுக்குக் கீழ இருக்கற விளிம்பை மட்டும் வழவழப்பாக்கி, மூணு கோண சீட் கட்டிங் பண்ணுங்க. கேம் இப்போதைக்கு வேண்டாம். கேம் மாத்துனா ஸ்ப்ரிங், அப்பறம் அதுக்கேத்த ஆர்பிஎம், அப்பறம் ராட்னு செலவு நீண்டுக்கிட்டே போகும். 7500 ஆர்பிஎம்ல இந்த ஸ்ட்ரோக்குக்கு பிஸ்டன் சராசரி வேகம் செகண்டுக்கு 18.9 மீட்டர், ஸ்டாக் ராடுக்கு அதுவே எல்லைன்னு வைங்க.

சம்ப்புக்குள்ள 1.6 மி.மீ. தகட்டுல ஒரு தடுப்பு வெல்ட் பண்ணுங்க. கிளம்பறப்ப ஆயில் மொத்தமும் பின்சுவருக்கு ஓடி, ஸ்ட்ரெய்னர் காத்தை உறிஞ்சும். பேரிங் போறது கடைசி கியர்லன்னு நினைப்பாங்க, பாதிப்பு ஆரம்பிக்கறது ஸ்டார்ட்லயே.

ஃப்ளைவீலை ரொம்ப இளைக்க வேண்டாம். இந்தச் சின்ன எஞ்சினுக்குக் கிளம்பறதுக்குக் கொஞ்சம் கனம் வேணும். கால் பங்குக்கு மேல எடுக்காதீங்க, வெளி விளிம்புல மட்டும், கூர்மையான பள்ளம் விழாம. வார்ப்பு இரும்புல பள்ளம் போட்டா அங்கயே விரிசல் விடும்.

எஸ்டீம்_ஷெட்

ரொம்ப நன்றிண்ணா. ஆழத்தை அளக்கும் அந்த வழி தெரியாது. மூன்று சந்தேகம். டயர் 175/60 ஆர்13 போடலாமா, 175/70 போடலாமா? சின்ன டயர் என்றால் இழுவை கூடும் என்கிறார்கள். ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) பழையதே போதுமா? டிஃப்பை வெல்ட் செய்யலாமா?

36_கழித்தல்_1

ஈசியூ பற்றி மட்டும். கம்ப்ரஷனும் ஹெடரும் மாற்றியபின் ஸ்டாக் மேப்பில் (கம்பெனி போட்ட செட்டிங்கில்) டைமிங்கையும் பெட்ரோலையும் தனித்தனியாகத் தொட முடியாது. இந்த பட்ஜெட்டில் ஸ்பீடுயினோ போன்ற ஓப்பன் சோர்ஸ் ஈசியூ போதும். கிராங்க் புல்லியில் 36-1 டிரிகர் வீல் (36 பல்லில் ஒன்று இல்லாத சக்கரம்), சென்சார் இடைவெளி 0.8 முதல் 1.0 மி.மீ., வேஸ்டட் ஸ்பார்க் காயில் (இரண்டு பிளக்குக்கு ஒரே நேரத்தில் ஸ்பார்க் தருவது). வீலை புல்லியில் ஒட்டும்போது ஆட்டம் டயல் கேஜில் 0.1-க்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 5000-க்கு மேல் சிக்னல் விட்டு விட்டு வரும். சென்சார் வயர் ஷீல்டு போட்டதாக, ஒரு முனையில் மட்டும் எர்த். ஸ்பார்க் பிளக் வயருக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள்.

இன்ஜெக்டர்: 110 ஹெச்பிக்கு, 80 சதவீதம் திறப்பில், ஒன்றுக்கு நிமிடத்துக்கு 180 சிசி வேண்டும். உங்களுடையதை டெஸ்ட் பெஞ்சில் ஒரு நிமிடம் முழுக்கத் திறந்து அளவு ஜாடியில் பிடித்துப் பாருங்கள். நான்குக்கும் இடையே 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெட்ரோல் குறைவாகப் போகும் சிலிண்டர்தான் முதலில் உருகும்.

இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதற்குச் சரியான காற்று விகிதம் 14.7 அல்ல, 13.5 பக்கம். அதனால் மீட்டரை லாம்டாவில் (எந்தப் பெட்ரோலுக்கும் சரியான விகிதம் 1.0) வைத்துப் பாருங்கள். முழு த்ராட்டிலில் 0.87 முதல் 0.89. டைமிங் 24 டிகிரியில் ஆரம்பித்து ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். ஒரு டிகிரி ஏற்றியும் முடிவுக்கோட்டில் வேகம் கூடவில்லை என்றால் அந்த டிகிரியைத் திரும்ப எடுத்துவிடுங்கள். பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ் அத்தனையும் மாற்ற வேண்டும், எத்தனாலுக்கு ஏற்றதாக. டேங்க்குக்குள் இருக்கும் குட்டி ஹோஸையும் சேர்த்து.

கியர்_கணக்கு

டயர். சின்ன டயரில் இழுவை கூடும் என்பது உண்மை. ஆனால் முதல் கியரில் உங்களுக்கு இழுவை ஏற்கெனவே மிச்சம், பிடிப்புதான் பற்றாது. அங்கே கூட்டி என்ன பயன்?

கணக்காகப் பார்ப்போம். 790 கிலோ, 100 ஹெச்பி வண்டி கோட்டைத் தாண்டும் வேகம் சுமார் 145 கி.மீ. உங்கள் கியர்பாக்ஸில் பல்லை எண்ணுங்கள், மூன்றாவது 1.28, ஃபைனல் 4.1 என்று எடுத்துக்கொள்கிறேன். 175/60-இன் சுற்றளவு 1.70 மீட்டர், 7000 ஆர்பிஎம்மில் மூன்றாவது 136-இல் முடிந்துவிடும். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நான்காவது போட வேண்டும். 175/70-க்கு 1.81 மீட்டர், அதே 7000-இல் 144.6. மூன்றாவதிலேயே முடித்துவிடலாம். ஒரு கியர் மாற்றும் நேரம், 0.3 செகண்டோ 0.4-ஓ, மிச்சம்.

லேத்துப்பட்டறை

கணக்கு சரிதாங்க, ஆனா 7000-ல இவரோட ஸ்டாக் கேம் மூச்சு விட்டுரும். பவர் 6000 தாண்டினா இறங்க ஆரம்பிக்கும். 6500-லயே மாத்தறதுதான் லாபம்னா ரெண்டு டயர்லயும் நாலாவது போட்டே ஆகணும். எது நல்ல காம்பவுண்ட்ல (ரப்பர் கலவையில), புது தேதியில கிடைக்குதோ அதை வாங்கட்டும். 13 இஞ்ச்ல ஒட்டற டயர் கிடைக்கறதே குதிரைக்கொம்பு.

டிஃப்: நேரா மட்டும் ஓடற வண்டிக்கு வெல்ட் பண்ணலாம், காசு இருந்தா பிளேட் டைப் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் தனியா சுழலாம கட்டுப்படுத்தற டிஃப்). வெல்ட் பண்ணினா ஒரு ஆக்ஸில் முறிஞ்சா மொத்த இழுவையும் மறுபக்கம் போயி ஸ்டியரிங்கைப் பிடுங்கிரும். அதனால ரெண்டு ஆக்ஸிலும் புதுசு, கை ரெண்டும் எப்பவும் ஸ்டியரிங்ல. வெல்ட் பண்றதுன்னா கியர்பாக்ஸைப் பிரிச்சு, பேரிங்கையும் கிரவுன் வீலையும் கழட்டி, கேசையும் உள் கியர்களையும் தின்னர்ல ஆயில் வாசம் போகக் கழுவி, 200 டிகிரி சூடாக்கி வெல்ட் பண்ணி, காஞ்ச மணல்ல புதைச்சு ராத்திரி முழுக்க ஆறவிடணும். தண்ணி ஊத்தி ஆத்தினா வெல்டுக்குப் பக்கத்துல விரிசல் விட்டு, முதல் ஸ்டார்ட்லயே கல்லு மாதிரி உடைஞ்சு கேசைத் துளைக்கும்.

கேஜ்_பைப்

பாதுகாப்பு பற்றி யாரும் எழுதவில்லை. எதையும் தொடும் முன் ஸ்ட்ரட் டவர் (ஷாக்கின் மேல்முனை மாட்டும் இடம்), ரன்னிங் போர்டு, தரை ஓரங்களைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். டவரில் துரு ஊடுருவியிருந்தால் அந்த பாடியை விட்டுவிடுங்கள். மேலே புது தகடு போர்த்தி அடித்த டிங்கரிங்கை நம்ப வேண்டாம்.

ரோல் கேஜ் பைப் சீம்லெஸ் கோல்டு டிரான் மட்டும். ஈஆர்டபிள்யூ பைப் (தகட்டைச் சுருட்டி வெல்ட் செய்தது) மடியும்போது தையலில் பிளக்கும். எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) அளவு, மி.மீ.-இல்: மெயின் ஹூப் (டிரைவருக்குப் பின்னால் நிற்கும் வளைவு) 45 விட்டம் 2.5 தடிமன், அல்லது 50-க்கு 2.0. மற்றவை 38-க்கு 2.5, அல்லது 40-க்கு 2.0. கால் ஊன்றும் இடத்தில் 3 மி.மீ. பிளேட், குறைந்தது 120 சதுர செ.மீ. கேஜ் 30 கிலோவுக்கு மேல் கூட்டும். மேலே போட்ட 790 கணக்கில் அதையும் சேருங்கள். வெல்ட் செய்யும்போது பேட்டரி, ஈசியூ கனெக்டர்கள் கழற்றியிருக்க வேண்டும், பெட்ரோல் டேங்க் வண்டியிலேயே இருக்கக் கூடாது. காலி டேங்க்தான் வெடிக்கும்.

கில் ஸ்விட்ச் பேட்டரியை மட்டும் வெட்டினால் எஞ்சின் ஆல்டர்னேட்டர் கரண்டில் ஓடிக்கொண்டே இருக்கும். இக்னிஷனையும் சேர்த்து வெட்டும் ஆறு முனை ஸ்விட்ச் போடுங்கள். பெல் ஹவுசிங்குக்கு (ஃப்ளைவீலை மூடும் உறை) மேலே 6 மி.மீ. இரும்புத் தகடு, ஃப்ளைவீல் உடைந்தால் துண்டுகள் உள்ளே டிரைவர் பக்கம் வரலாம். த்ராட்டிலுக்கு இரண்டு ரிட்டர்ன் ஸ்ப்ரிங். 2 கிலோ தீயணைப்பானை போல்ட் போட்டுப் பொருத்துங்கள், பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டாதீர்கள்.

பைப்பை வெட்டும் முன் நீங்கள் ஓடப்போகும் போட்டியின் சப்ளிமென்டரி ரெகுலேஷனை (அந்தப் போட்டிக்கான தனி விதிகள்) வாங்கி, உங்கள் கிளாசில் எது அனுமதி என்று பாருங்கள். பாலிகார்பனேட்டிலும் வெல்ட் டிஃப்பிலும் கிளாஸ் மாறிவிடலாம். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் மாதிரி மூடிய இடத்துக்கு வண்டி டிரக்கில்தான் போக வேண்டும். இப்படி மாற்றிய வண்டியை "டெஸ்டிங்" என்று பைபாஸில் எடுத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவும் 189-ம் பிரிவும் சேர்ந்து வரும்.

எஸ்டீம்_ஷெட்

புரிந்தது. டயர், எடை, மவுன்ட், கேஜ் முதலில். எஞ்சின் கேம் இல்லாமல். கடைசியாக ஒன்று: ஸ்டார்ட் எத்தனை ஆர்பிஎம்மில்? பர்ன்அவுட் (ஓடும் முன் டயரைச் சுழற்றிச் சூடாக்குவது) வேண்டுமா?

கியர்_கணக்கு

4000-இல் ஆரம்பியுங்கள். டயர் சுழன்றால் 300 குறையுங்கள். எஞ்சின் அமுங்கினால் 300 கூட்டுங்கள். கிளட்சைச் சட்டென்று விடாமல் ஒரு கார் நீளத்துக்கு நழுவ விட வேண்டும். பட்டன் கிளட்ச் (சட்டென்று பிடிக்கும் உலோகத் துண்டு வைத்த பிளேட்) அதற்கு ஒத்துழைக்காது, அதனால் ஆர்கானிக் பிளேட், கனமான பிரஷர் பிளேட்.

ட்ரெட் உள்ள டயரோடு ஸ்டார்ட் கோட்டுக்கு முன்னால், பர்ன்அவுட்டுக்காக இருக்கும் தண்ணீர்ப் பள்ளத்துக்குள் போகாதீர்கள், சுற்றிப் போங்கள். பள்ளத்தில் போனால் ட்ரெட்டில் தங்கிய தண்ணீர் ஸ்டார்ட் கோட்டில் சொட்டும். முன்சக்கர வண்டிக்கு லைன்லாக் (ஓட்டாத சக்கரத்தின் பிரேக்கை மட்டும் பிடித்து வைப்பது) தேவையில்லை, ஹேண்ட்பிரேக் போதும். இரண்டாவது கியரில் மூன்று நான்கு செகண்ட் சுழற்றி, ஒட்டிய மண்ணை உதறினால் சரி. புகை வரும்வரை ஓட்டினால் ரோடு காம்பவுண்ட் டயர் வழுக்க ஆரம்பித்துவிடும்.

லேத்துப்பட்டறை

ஆக்ஸில் நட்டுலயும் வீல் நட்டுலயும் பெயின்ட் கோடு போட்டு வைங்க, ஒவ்வொரு ஓட்டத்துக்கப்பறமும் கோடு நேரா இருக்கான்னு பாருங்க. முதல் நாள் ஓட்டம் முடிஞ்சதும் கியர் ஆயிலை வெள்ளைத் துணி வழியா வடிங்க. மினுமினுன்னு பொடி வந்தா பரவால்ல. நகத்துல சிக்கற துண்டு வந்தா பாக்ஸைப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் அடுத்த ஓட்டம்.